வெட்டுப்புள்ளி

சனிக்கிழமை நூற்றிருபத்திரண்டாம் இலக்க பஸ்ஸில்
இருக்கை கிடைத்தால் கொட்டாவையில் தூங்கிவிடுவோம்.
ருஷ்தா விஞ்ஞானம். கீர்த்திகன் ஆங்கிலம்.
கணிதம் நான்.
கொஸ்கமவில் யாராவது ஒருவர் விழித்து
மற்றவர்களை இடித்து எழுப்ப வேண்டும்.
ஒருமுறை யாரும் விழிக்கவில்லை,
அவிசாவளை வரை போய்த் திரும்பினோம்.

ரப்பர் மரங்கள் தொடங்கும் இடத்தில்
ஓட்டோ நின்றுவிடும்.
அதற்கு மேல் கால்தான்.
பாடசாலைப் பலகையில் எல்லா எழுத்தும் உரிந்துபோயிற்று.
‘கொழும்பு மாவட்டம்’ மட்டும்
யாரோ நேற்றுத் தீட்டியதுபோல் நிற்கிறது.

பதினோராம் வகுப்பில் இருபத்திமூன்று பேர்.
இரண்டு வருடமாய்க் கணித ஆசிரியர் இல்லை.
முதல் சனி ஒன்பது பேர் வந்தார்கள்.
அடுத்த சனி ஏழு.
எங்கள் கற்பித்தல் பிடிக்கவில்லையோ என்று
திரும்பும் வழியெல்லாம் கீர்த்திகன் பேசவேயில்லை.

மூன்றாம் சனி விடியமுன்னமே மழை.
இருபத்திமூன்று பேரும் வந்திருந்தார்கள்.
ஒழுகும் இடங்களில் வாளி வைத்து
வாங்குகளை ஒன்றோடொன்று நெருக்கி
முக்கோணங்களின் ஒருங்கிசைவு.
தகரத்தில் மழை விழும் சத்தத்துக்கு மேலால்
தொண்டை கிழியக் கத்தினேன்.
அவ்வளவு சந்தோஷமாய் நான் கத்தியதே இல்லை.

அதன் பிறகு வெள்ளி இரவுகளில்
விடுதி ஜன்னலைத் திறந்து வானம் பார்ப்பது
எங்களுக்குப் பழக்கமாயிற்று.
“கறுத்திருக்கு” என்பாள் ருஷ்தா,
பிறை கண்டவள்போல.

சதவீதம் படிப்பித்த நாளில்
அவர்களுக்குத் தெரிந்ததை வைத்தே கணக்குப் போட்டேன்.
ஒருவர் நாளொன்றுக்கு முந்நூறு மரம் வெட்டுகிறார்,
ஒன்பது கிலோ பால்,
கிலோவுக்கு இவ்வளவு,
மாதம் இருபத்தாறு நாள்,
சேமலாப நிதிக்குப் பத்து வீதம் போக
கைக்கு வருவது எவ்வளவு?

டிலுக்‌ஷன் கையை உயர்த்தினான்.
“கணக்கு பிழை மிஸ்.
மழை நாள கழிக்கல.
ஈரப் பட்டய வெட்ட ஏலாது,
பால் செரட்டைக்கு வராம மரத்துலயே வழிஞ்சிரும்.
மழையினா பேர் இல்ல மிஸ்.”

பேர் என்றால் அங்கே ஒருநாள் கூலி.
என் இடாப்பில் இருபத்திமூன்று பேரும் விழுந்த நாட்களில்
கணக்கப்பிள்ளையின் செக்ரோலில்
அவர்களின் அம்மாக்களுக்கு
ஒரு பேரும் விழவில்லை.
வெயில் என்றால் பால் வாளி தூக்குகிறவர்கள்
மழை என்றதால் என்னிடம் வந்திருக்கிறார்கள்.
எத்தனை வெள்ளி இரவு,
எத்தனை வீட்டு அடுப்பில்
நாங்கள் மழையை ஊற்றியிருக்கிறோம்.

இருபத்தாறை அழித்தேன்.
போன மாதம் எத்தனை நாள்?
“பதினாலு.”
பின்வாங்கிலிருந்து சிந்துமேரி, “எங்கம்மாவுக்கு பதிமூணு.”
எல்லோரிடமும் கேட்டு, கூட்டி, வகுத்தோம்.
சராசரி அன்றைய பாடத்தில் இல்லை.

பாடம் முடிந்து வாளிகளைக் கவிழ்க்கும்போது கேட்டான்:
“மிஸ், கம்பசுக்கு எத்தன புள்ளி வேணும்?”
மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு என்றேன்.
நான் முல்லைத்தீவின் வெட்டுப்புள்ளியில் உள்ளே வந்தவள்.
இவனுக்குக் கொழும்பு.
கறுவாத்தோட்டத்தில் மூன்று டியூஷன் முடித்து
காரில் தூங்கிக்கொண்டு வீடு போகிறவனும்
இந்த மேட்டிலிருந்து வாளியோடு இறங்குகிறவனும்
ஒரே மாவட்டம், ஒரே கோடு.
“ஒங்களுக்கு எவ்வளவு மிஸ்?”
சொன்னேன்.
“எங்களுக்கு?”
சொன்னேன்.
மனக்கணக்காய்க் கழித்தான்.
விடை சரி. தசமம் நான் படிப்பித்ததுதான்.

நேற்று வெள்ளி. வானம் கறுத்திருந்தது.
ருஷ்தா ஒன்றும் சொல்லவில்லை.
கீர்த்திகன் பஸ் நேரம் தேடிக்கொண்டிருந்தான்.
வெட்டி, சேர்த்து, நிறுத்து முடிய ஒரு மணியாகும்.
இரண்டரைக்குத் தொடங்கினால்
கடைசி பஸ் ஆறரைக்கு.
மழையிடம் கேளாமல்
நான்கு மணித்தியாலம்.