செலவு

திருப்பூர் பொருட்காட்சியில் அந்தப் பையன்
கயிற்றை ஐந்து தரம் இழுத்தான்.
டப்பாவுக்குள் வெங்காயம் பொடிப்பொடியாகிவிட்டது.
"கண்ணீரே வராதுங்க்கா" என்றான்.
வெங்காயத்துக்குக் கடைசியாக எப்போது அழுதேன் என்று யோசித்தேன்.
வேறு எதற்கெல்லாமோ அழுதிருக்கிறேன்,
அதற்கெல்லாம் டப்பா விற்கிறார்களா தெரியவில்லை.

அதோடு ஒரு தவா, கல் பூச்சு.
முட்டையை ஊற்றிச் சாய்த்துக் காட்டினான்,
சறுக்கில் குழந்தை இறங்குவதுபோல் இறங்கியது.
இரண்டும் சேர்த்து இரண்டாயிரத்துக்கு ஒரு ரூபாய் குறைவு.
செக்கிங் டேபிளில் அது நாலு ஷிப்ட்,
நாலு ஷிப்டும் நின்ற கால்.

சென்னியப்பன் ஒன்றும் சொல்லவில்லை,
முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
கூப்பனில் போன் நம்பரை மட்டும் எழுதிப் போட்டுவிட்டு
ராட்டினத்துப் பக்கம் நகர்ந்தோம்.
ராட்டினத்திலும் ஏறவில்லை.

என்னை யோக்கியம் என்று நினைக்க வேண்டாம்.
அட்டாலியில் ஒரு சந்தகை மெசின் இருக்கிறது.
போன ஆடித் தள்ளுபடியில் வந்தது,
வாரம் நூற்றைம்பது, பதினோரு வாரம்.
ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை பிழிந்தோம்,
தேங்காய்ப்பால், எள்ளுப்பொடி, எல்லாம் ஜோர்.
கழுவத்தான் பொழுது சாய்ந்துவிட்டது.
மேலே ஏறியது, இறங்கவில்லை.
கடைசித் தவணை கட்டிய அன்று பார்த்தேன்,
அட்டைப் பெட்டி மூலையில் பல்லி முட்டை வைத்திருந்தது.

வீட்டில் ஓடுவது ஒரு குக்கர், ஒரு போசி.
குக்கர் கைப்பிடி போய்
வேஸ்ட் துணி கிழித்துச் சுற்றியிருக்கிறது,
மெரூன் கலர், ஏற்றுமதித் தரம்.
கேஸ்கட் தளர்ந்தால்
சித்தெ நேரம் பச்சைத் தண்ணியில் போடுவேன்,
புத்தி வந்துவிடும்.
அதிலேயே அரிசியும் பருப்பும்,
அதிலேயே கொள்ளு.
கொள்ளு வெந்த தண்ணியைக் கொட்டுவதில்லை,
ராத்திரிக்கு அதுதான் ரசம்.
பீர்க்கங்காய்த் தோலுக்கும் ஒரு நாள் வரும்.

நேற்று ராத்திரி அந்த ரசம்தான்.
மல்லி, சீரகம், மிளகு, நாலு பல் பூண்டு,
டம்ளர் அடியில் நசுக்கிக்கொண்டிருந்தேன்.
பக்கத்து வீட்டு மினதி வந்து நின்றாள்,
ஒடிசாக்காரி, ஓவர்லாக்கில் இருப்பவள்,
காதால் கேட்டே தமிழைப் பிடித்தவள்.
"என்னக்கா அது?"
"செலவு."
அவளுக்குத் தெரிந்த செலவு ஒன்றுதான்:
வாடகை, கரண்ட், ஊருக்கு அனுப்புவது,
சனிக்கிழமைக் கவரைத் திறந்ததும் பறப்பது.
டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"பத்து ரூபா கூட வராதே."
எங்க பக்கம் இதுக்குப் பேரே செலவுதான் என்றேன்.
"அப்ப மேல இருக்கற மெசினுக்கு என்ன பேர்?"

நல்ல வேளை, போன் அடித்தது.

"மேடம், குலுக்கல்ல உங்க நம்பர் விழுந்திருக்கு,
இன்னைக்கு மட்டும் ஆயிரத்து நானூறு."
போசி ஓரத்தில் நுரை கட்ட ஆரம்பித்தது.
கொதிக்க விட்டால் ரசம் கெட்டுவிடும்,
அந்த ஒரு நிமிசம்தான் கணக்கு.
"இறக்கணுமுங்க" என்றேன்.
"சரிங்க மேடம், ஆயிரத்து முந்நூறு."

போனைத் தரையில் வைத்துவிட்டு
சேலைத் தலைப்பால் பிடித்துப் போசியை இறக்கினேன்.
மினதி வட்டலோடு உட்கார்ந்துவிட்டாள்.
கீழே அந்தப் பையன்
இன்னும் இறக்கிக்கொண்டிருந்தான்.