பின்சாய்கோடு

காசிமேட்டுச் சங்க அலுவலகம்.
மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் வரவில்லை.
தடைக்காலம் முடிய இன்னும் மூன்று நாள்.
விசைப்படகு ஆட்கள் ஆயிரத்து நூற்றுப் பதினேழு பேருக்கு
அட்டை அடித்தாக வேண்டும்.
பெயர் வருகிறது, படகு எண் வருகிறது,
ரத்த வகைகூட வருகிறது.
முகம் இருக்க வேண்டிய கட்டத்தில்
ஓரம் கிழிந்த ஒரு சின்னக் காகிதம்.

"இன்னா மேடம், எம் மூஞ்சிய காணோம்?"
எட்டியப்பன் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறார்.
இங்கதான் இருக்கு அண்ணா, என்கிறேன்.
பொய்யில்லை. கோப்புறையைத் திறந்தால்
வெயிலுக்குக் கண் சுருக்கியபடி இருக்கிறார்.
தரவுத்தளத்தில் நான் முகத்தை வைக்கவில்லை,
முகத்துக்குப் போகும் வழியைத்தான் எழுதினேன்.

மதியம் இரண்டு மணிக்குத்தான் உறைத்தது:
காசிமேட்டுக்காரர்கள் எல்லாரும் வருகிறார்கள்.
எண்ணூரும் வருகிறது.
ராயபுரத்தில் ஒருவர்கூட இல்லை,
தண்டையார்பேட்டை இல்லை,
நாகூரான் தோட்டம் மொத்தமும் இல்லை.

பேட்டைக்கொரு கோப்புறை போட்டது நான்.
ஆங்கில எழுத்தில்,
நடுவே பின்சாய்கோடு வைத்து.
அந்தக் கோட்டை ஒட்டி 'என்' வந்தால்
கணினிக்கு அது ஊரில்லை,
அடுத்த வரிக்குப் போ என்று அர்த்தம்.
'டி' வந்தால் இடம் விடு.
'ஆர்' வந்தால் தொடங்கிய இடத்துக்கே திரும்பு.
அது சொன்னபடி
நாகூரான் தோட்டத்தை இரண்டாக ஒடித்தது,
தண்டையார்பேட்டையின் தலையெழுத்தைத் தின்றது,
ராயபுரத்துக்கு மட்டும்
தண்ணீர் நிற்கும் சுரங்கப்பாதை வாயில்வரை வந்து
திரும்பிப்போகும் ஆட்டோ.

கோட்டை எதிர்ப்பக்கம் சாய்த்தேன். அவ்வளவுதான்.

"ரொம்பக் கறுப்பா கீறேனே" என்றார் எட்டியப்பன்.
அது எர்ரர் இல்லை அண்ணா.

இன்னும் பதினொரு பேர்.
வழியில் எழுத்துப்பிழை ஒன்றுமில்லை: ஈ டிரைவ்.
அந்த ஈ டிரைவ் ஒரு பென்டிரைவ்.
படம் எடுத்த ஜெரால்டின் சட்டைப்பையில்
பெரும்பாக்கம் போய்விட்டது.
போன் செய்தேன்.
"பஸ் ஏறிட்டேன் மேடம், ரெண்டு மணி நேரம் ஆவும்."

அவன் வரும்வரை எல்லா வரிசையையும் திருத்தினேன்.
இனி கோப்பின் பெயர் மட்டும்.
வேர் எங்கே என்பது
தனியே, ஒரே ஒரு இடத்தில்;
நாளைக்கு எல்லாம் வேறெங்காவது குடிபெயர்ந்தாலும்
அந்த ஒரு வரியை மாற்றினால் போதும்.

ஆற்றோரத்தை இடித்து மூன்று வருஷம்.
ஜெரால்டு இப்போது எட்டாவது மாடியில்.
ரேஷன் அட்டை மட்டும் இன்னும் அவனைத் தேடுகிறது,
பழைய எண் பதினான்கு,
புதிய எண் முப்பத்தொன்று.