காலைக் காட்சி மட்டும்

ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் இல்லை என்று
சனி சாயங்காலம் போர்டில் எழுதிப்போட்டார்கள்.
சாக்பீஸைக் கீழே வைக்குமுன்
காஞ்சனமாலா டிக்கெட் போட்டுவிட்டாள், நான்கு.
திரையிலிருந்து மூன்றாவது வரிசை.
அதுதான் எங்கள் விலை.

மாதனூரில் ஏறி, நின்றுகொண்டே
தில்ஷாத் போனில் விமர்சனம் பார்த்தாள்.
ஐந்துக்கு இரண்டரை.
செகண்ட் ஹாஃப் கொஞ்சம் இழுவை என்றான்
தாடியை அளவாக வெட்டிய ஒரு பையன்.
எஸ்தர் சொன்னாள்:
நமக்கு எந்த நாள்டி செகண்ட் ஹாஃப் இழுக்கல?
பள்ளிகொண்டா டோல்கேட் வரை சிரித்தோம்.

வேலூரில் ஓடுவது மூன்று படம்.
ஒன்றில் கத்தி, ஒன்றில் பேய்,
இரண்டுக்கும் நாளைக்கு ஐந்து காட்சி.
நாங்கள் வந்தது போஸ்டரே ஒட்டாத மூன்றாவதுக்கு,
ஷூ கம்பெனிப் பெண் ஒருத்தியின் கதையாம்.
காலைக் காட்சி மட்டும்.
அதுவும் வியாழன் வரை தாங்கினால் பெரிசு.

வாசலில் பையைச் சோதித்தவள்
போன வருஷம் வரை எங்கள் நாலாம் லைன்.
உள்ளே டிபன் பாக்ஸ், புளிசாதம், வேர்க்கடலைத் துவையல்.
பார்த்தாள்.
ஜிப்பை அவளே மூடிக்கொடுத்தாள்.
பாப்கார்ன் விலையை மட்டும் வாசித்துவிட்டுப் போனோம்:
அரை நாள் தையல்.

உள்ளே இருபது பேர் இருக்கலாம்.
வெளியே கத்திரி வெயில்.
எங்களுக்குப் பக்கத்தில் வங்காளத்துக்காரர் ஒருவர்,
மடியில் பெரிய எக்ஸ்ரே கவர்.
டாக்டர் திங்கட்கிழமைதான்,
லாட்ஜில் ஃபேன் மட்டும்.
பெயர் போடுமுன்பே தூங்கிவிட்டார்.

பத்தாவது நிமிஷம்
கதாநாயகி மிஷினில் உட்கார்ந்தாள்.
அப்பர் தைக்கிறாளாம்.
முழங்காலால் தட்டி மிஷின் பாதத்தைத் தூக்கவில்லை,
நூலைத் தொடவில்லை,
ஊசி தடதடவென்று ஓட
கண்ணை ஜன்னலுக்கு அனுப்பிவிட்டு
யாரையோ நினைத்துப் பெருமூச்சு விட்டாள்.
விரல் போச்சுடி, என்றாள் எஸ்தர் சத்தமாக.
நாலு பேரும் குலுங்கினோம்.
பின்னாலிருந்து யாரோ உச்சுக்கொட்டினார்,
அழுகிற சீனாம்.
மணிக்கு நாற்பது ஜோடி கேட்கும் லைனில்
நினைப்பதற்கென்று தனி இடைவேளை கிடையாது,
அவருக்கு எப்படித் தெரியும்.

இடைவேளைக்குப் பிறகு இழுவைதான்.
கல்யாணப் பேச்சு, மழை, தேவையில்லாத ஒரு பாட்டு.
பிறகு ஒரு ராத்திரி
அவள் ஷிப்ட் முடிந்து வந்து
சோப்பில் கை கழுவினாள்.
மறுபடி கழுவினாள்.
எலுமிச்சைத் தோலைத் தேய்த்து மூன்றாம் முறை.
தட்டில் சோறு.
பிசையப் போன கையை முகத்தருகே கொண்டுபோய்
மோந்து பார்த்தாள்.
வசனம் இல்லை, இசை இல்லை.
எழுந்துபோய் ஸ்பூன் எடுத்துவந்து உட்கார்ந்தாள்.

எங்கள் வரிசையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.
தில்ஷாத் புளிசாதத்தை மூடினாள்.
எஸ்தர் வலது கையைத்
தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

விளக்கு போட்டதும் வங்காளத்துக்காரரை எழுப்பினோம்.
படம் நல்லாருந்ததா என்று இந்தியில் கேட்டார்.
படி இறங்கி முடியும்வரை
தில்ஷாத் அவருக்குக் கதை சொல்லிக்கொண்டு வந்தாள்,
முடிவை மட்டும் கொஞ்சம் நல்லதாக்கி.
தூங்காமல் இருந்திருக்கலாம் என்ற முகத்தோடு
எக்ஸ்ரேயைத் தலைக்கு மேல் பிடித்து
அவர் வெயிலில் இறங்கினார்.

சொல்யூஷன் வாசனை
யார் சொல்லி அவங்களுக்குத் தெரிஞ்சது,
திரும்பும் பஸ்ஸில்தான் கேட்டாள் காஞ்சனமாலா.
யாரோ ஒருத்தி சொல்லியிருப்பாள்.
ஊசியைப் பற்றி
அவளிடம் கேட்காமல் விட்டிருப்பார்கள்.

திங்கள். சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார்.
எப்படிம்மா படம்?
பார்க்கலாம் சார், என்றேன்.
அவர் நகர்ந்ததும் எஸ்தர்
ஊசி ஓட ஓடக் கண்ணை ஜன்னலுக்கு அனுப்பினாள்
அந்தப் பெண்ணைப் போலவே, ஒரு மூச்சு நேரம்.
விரல் தப்பித்தது.
தையல் ஒரு நூல் விலகி மறுபடி நேரானது.
செக்கிங் டேபிளில் யாரும் கவனிக்கவில்லை.
நாற்பத்தோராம் அளவு, இடது கால்.
கப்பலேறியிருக்கும் இந்நேரம்.