முதல் பதிவு

மதகு அறையில் எலிப்புழுக்கை, கிரீஸ் வாடை.
ஷட்டருக்கடியில் கோரையாறு உறுமுகிறது.
மடிக்கணினியில் நாலாவது முறையாக அதே வரி:
ரூட் கிடைக்கவில்லை. நின்றுவிட்டேன்.

கர்னல் ஏறிவிட்டது.
ஏறிய பிறகு கால் வைக்க இடமில்லை, அவ்வளவுதான்.

ஃபிளாஷை முழுக்க அழித்தேன்.
இருநூற்றுப் பதினோராம் கட்டம் கெட்டது என்றது.
உவர் பூத்த திட்டை விட்டு
நடவாட்கள் நகர்வதுபோல்
தாண்டிப் போகச் சொன்னேன்.
பத்து சதவீதம். இருபத்தெட்டு. அறுபத்து மூன்று.

"பாதியில கரண்ட் போனா என்ன சார் ஆவும்?"
லஸ்கர் சௌரிராஜன் கேட்டு வாய் மூடவில்லை,
போனது.

நீடாமங்கலம் வரை இருட்டு.
தவளைகளுக்கு மட்டும் மும்முனை மின்சாரம்.

எங்கிருந்தோ டிராக்டர் பேட்டரி ஒன்றைத்
தோளில் சுமந்து வந்தார்.
யாருடையது என்று நான் கேட்கவில்லை.
இரண்டு கிளிப், ஒரு சின்னப் பொறி.
மறுபடி அழிப்பு, மறுபடி ஒன்றிலிருந்து.
இருநூற்றுப் பதினொன்று: தாண்டு.

நூறு.

போர்டு விழித்தது. அதன் முதல் பதிவு:
1970 ஜனவரி 1,
நீர்மட்டம் நாலடி இரண்டங்குலம்.

"அப்ப நான் பொறக்கவே இல்லியே"
சிரித்தபடி டார்ச்சோடு படியிறங்கியவர்
அளவுகோலின் பாசியைக் கட்டைவிரலால் வழித்துக்
குனிந்து பார்த்தார், இன்னொரு தரம் பார்த்தார்.
நோட்டில் எழுதினார்:
நாலடி ஓரங்குலம்.

சிம்முக்கு சிக்னல் கிடைத்துத் தேதி திருந்தியது.
அங்குலம் திருந்தவில்லை.

அவர் பேனாவை மூடவில்லை.
நான் கேபிளைக் கழற்றவில்லை.