இருபத்தியோராவது நாள்

இடது தோளில் ஒட்டியிருக்குது
மூலை மழுங்கின சின்னச் சதுரம்.
நிக்கொட்டினைச் சொட்டுச் சொட்டாய்
உடம்புக்குக் கடன் குடுக்குது.
உடம்பு சமாளிக்கும், டொக்டர் சொன்னது சரி.
கைதான் கேட்குதில்லை.

செவ்வாய் பின்னேரம், மடத்தடிச் சந்தி தாண்டி
கிளினிக்கின் பின்னறை. ஏழு பிளாஸ்டிக் கதிரை.
மூதூர் லோஞ்ச் ஓட்டின சபூர் நானா
நேற்று ஒன்று பத்தினதைச் சொன்னார்.
ஒருவரும் புத்தி சொல்லவில்லை.
"எத்தனை மணிக்கு?" என்றான் கெனடி.
"எஞ்சினை நிப்பாட்டின பிறகு."
அந்த நேரம் எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

இரவு பத்தரை. உட்துறைமுகத்துக் காற்று.
சட்டைப்பையைத் துழாவின கைக்கு
அகப்பட்டது ஃபோன்.
நானா எடுத்தார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவர் இருமினார். நானும் இருமினேன்.
பிறகு கேட்டார்,
இன்றைக்குப் பாரை என்ன விலை போனதென்று.