ஆறு வினாடி

பழுதான றவுட்டரில் கழற்றிய பவர் சப்ளை,
கொழும்பிலிருந்து கூரியரில் வந்த குரல் பலகை,
நீல நிற ரிலே, தீப்பெட்டியிலும் சின்னது.
ஸ்ரான்லி வீதிக் கடை பூட்டியபிறகு
வீட்டில் இது பன்னிரண்டாவது இரவு.

ரிலேயின் சுருள் அணையும்போது
மின்சாரம் ஒருதரம் திரும்பி உதைக்கும்.
அதை விழுங்க ஒரு டயோட் வைக்கவேண்டும்,
வெள்ளைக் கோடு நேர்முனைப் பக்கம்.
என் தொண்டையிலும் அப்படி ஒன்று உதைக்கும்.
அதற்கு டயோட் இல்லை.

‘ப’வில் தொடங்கும் சொற்கள் மோசம்.
‘க’ அதைவிட.
கொக்குவில் என்று கொண்டக்டரிடம் சொல்லமுடியாமல்
யாரோ கேட்கும் தாவடியில் இறங்கித்
திரும்பி நடந்து வருகிறவள் நான்.
மாரியிலும்.

பிறகேன் ‘போடு’ என்ற சொல்லை எடுத்தாய் என்றால்
வீட்டில் எல்லாரும் அப்படித்தான் சொல்வது.
லைற்றைப் போடு. ஃபானைப் போடு.
‘ஒளிர்க’ என்று யார் சொல்லுவது?

முதலில் தம்பிதான் அதைப் பழக்கினான்.
சாருஜன் லொத்தர் வானில் அறிவிப்பவன்,
சுன்னாகம் சந்தை முழுக்கக் கேட்கும் குரல்.
மூன்றுதரம் சொன்னான். பச்சை மினுங்கியது.
டக்.
பல்ப் எரிந்தது, அம்மா கைதட்டினா.

அவன் மன்னாருக்குப் போன கிழமை
நானே ஒட்டிய ஈயத்தின் முன்னால்
வாயைத் திறந்தபடி நின்றேன்.
‘ப்’ வரைக்கும் போனேன்.
பலகை ஒன்றரை வினாடிதான் பொறுக்கும்.
சிவப்பு.
கூட்டிய உதடு கூட்டியபடியே
எழும்பிப்போய்ச் சுவரில் கையால் அழுத்தினேன்.

அன்றிரவே நிரலைத் திறந்தேன்.
ஒரே ஒரு வரி.
ஆயிரத்து ஐந்நூறு என்றிருந்ததை
ஆறாயிரம் ஆக்கினேன்.
அவ்வளவுதான்.
பள்ளிக்கூடத்தில் பதினொரு வருஷம்
ஒருவருக்கும் தோன்றாத வரி.

தம்பியின் குரலை அழித்தேன்.
முதலாந்தரம்: போ, போ, போடு.
இரண்டாந்தரம்: ப்ப்ப்,
பிறகு கனநேரம் ஒன்றுமில்லை, பிறகு போடு.
மூன்றாந்தரம், அறையில் ஒருவரும் இல்லாததால்,
சொல் முழுதாய் வழுக்கி வந்துவிட்டது.
பொருந்தவில்லை என்றது பலகை.
சிரித்துவிட்டேன்.
சரியாகச் சொன்னதற்காக
என்னைத் திருப்பி அனுப்பிய முதல் ஆள்.

நினைவகத்தில் ஏழு இடம் இருந்தது.
ஏழிலும் ஏழு விதமாய்த் திக்கிவைத்தேன்.
முழுச்சொல்லுக்கு இடம் மிஞ்சவில்லை.

ஞாயிறு இரவு சாருஜன் வந்தான்.
பையைத் தோளில் வைத்தபடி ‘போடு’ என்றான்.
இருட்டு.
‘போடு!’
பக்கத்து வளவு நாய்தான் குரைத்தது.
‘என்னக்கா, என்ர சொல்லுக் கேக்குதில்லை?’

என்னைப்போலத் திக்கிப் பார்த்திருக்கலாம்.
எப்படியென்று அவனுக்குத் தெரியும்;
சின்னனில் செய்துகாட்டி அடி வாங்கியவன்.
செய்யவில்லை.
செருப்பும் கழற்றாமல் அப்படியே நின்றான்.

குசினி வாசலில் இருந்து
உதட்டைக் கூட்டினேன்.
ஆறு வினாடி இருக்கிறது.