ஒரே கட்டை

கார்ட்டர் ரோட்டில், அலையாத்திக் காட்டுக்கு எதிரே,
பியானோவைச் சங்கிலி போட்டுக்
கம்பித் தடுப்போடு பூட்டியிருக்கிறார்கள்.
அடியில் சக்கரம் இருக்கிறது,
விட்டால் வெர்சோவா வரை போய்விடும் என்ற பயம் போல.
யாரும் வாசிக்கலாம், இரவு பத்து வரை
என்று மராத்தியில் ஒரு பலகை.
இதில் நாயைக் கட்டாதீர்கள் என்று இன்னொன்று.

நான் லிஃப்ட் மெக்கானிக்.
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட
ஒரு குஜராத்தி அம்மாளையும்
அவருடைய இரண்டு டஜன் மாம்பழத்தையும்
மீட்டுக் கொடுத்துவிட்டு வந்துகொண்டிருந்தேன்.
விரல் இடுக்கெல்லாம் கிரீஸ்.
மேல்மூடி திறந்து கிடந்ததால்தான் நின்றேன்.
எட்டிப் பார்த்தால்
உள்ளே எல்லாம் நம்ம சாமான்:
இழுத்துக் கட்டிய கம்பி, நெம்புகோல்,
இடி தாங்கக் கம்பளித் துண்டு.
இங்கே அமுக்கினால் அங்கே எழும்புகிறது.
எவனோ எங்கள் தொழிலை
ரொம்ப மெதுவான கையால் செய்திருக்கிறான்.

வாசித்துக்கொண்டிருந்தவள் நர்ஸ் சீருடையில் இருந்தாள்.
சட்டையில் பெலிண்டா என்று குத்தியிருந்தது.
பலகையில் இடப்பக்கம் நகர்ந்து
உட்கார் என்று தட்டினாள்.
தெரியாது என்றேன், இந்தியில், கையால், தலையால்.
ஏதாவது ஒன்றைத் தொடு, போதும் என்றாள்.

நாலரைக் கட்டையா ஐந்தரைக் கட்டையா என்று
ஆன்டாப் ஹில் கோயில் மேடையில்
பாட்டுக்காரர்கள் முறைத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.
எனக்கு வாய்த்தது ஒரே கட்டை.
லிஃப்ட் தளத்தில் வந்து நிற்கும்போது
ஒரு சத்தம் வருமே, அது.
தடவித் தடவிக் கண்டுபிடித்துவிட்டேன்.
அழுக்குப் படாமல் விரல் முட்டியால் அமுக்கினேன்.
டிங்.
அவள் அதைச் சுற்றி என்னவோ செய்தாள்.
டிங்.
நான் எதையும் மாற்றவில்லை, சத்தியமாக.
ஆனால் கதவு திறக்கிற இடம் மட்டும்
ஒவ்வொரு தடவையும் வேறாக இருந்தது:
மெழுகுவத்தி எரியும் மாதா கோயில்,
யாரோ கோபித்துக்கொண்டு இறங்கிப்போன படிக்கட்டு,
அப்புறம் வெறும் கடல்.

சாப்பாட்டுப் பையை முதுகில் சுமந்த பையன் ஒருவன்
ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல்
பியானோவின் விலாவில் தட்டத் தொடங்கினான்.
பைக்குள் யாருடைய பிரியாணியோ ஆறிக்கொண்டிருந்தது.
நாயோடு வந்தவர் விசிலடித்தார்.
தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று
நாய் நாலு தடவை உட்கார்ந்து நாலு தடவை எழுந்தது.
தாளம் தப்பவில்லை.
கான்ஸ்டபிள் கோர்ப்படே வந்து கடிகாரத்தைப் பார்த்தார்.
பத்து நிமிஷம் என்றார்.
லத்தி தொடையில் தட்டிக்கொண்டிருந்ததை
அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை.

அப்போதுதான் மழை.
ஜூன் மாத முதல் மழைக்கு
இந்த ஊரில் யாரிடமும் குடை இருந்ததில்லை.
பழத் தள்ளுவண்டியின் நீலத் தார்ப்பாயை
உருவிக்கொண்டு ஓடிவந்தார் கோர்ப்படே.
நாலு மூலைக்கு நாலு பேர்.
உயரமானவன் என்பதால் எனக்கும் ஒரு மூலை.
இரண்டு கையும் தலைக்கு மேலே.

பெலிண்டா நிறுத்தவில்லை.
என் டிங் வரவேண்டிய இடம் நெருங்குகிறது.
அவளுடைய பத்து விரலுக்கும் தூரத்தில் வேலை.
இதோ, இப்போது.
நின்றும் கதவு திறக்காத லிஃப்டுக்குள் இருப்பதுபோல
நீலத்துக்கு அடியில் அத்தனை பேரும்
மூச்சை இழுத்துப் பிடித்தோம்.

தார்ப்பாய்க்குச் சொந்தக்காரி
கோர்ப்படேயின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே வந்தாள்.
இவ்வளவு நேரமும் வண்டியிலிருந்தே
கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.
எனக்கும் நாய்க்கும் இடையில் கையை நுழைத்து,
சரியாக அதே கட்டை.

டிங்.

வெள்ளைக் கட்டையில் என் கிரீஸுக்குப் பக்கத்தில்
நாவல்பழ ஊதா.
அவள் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு
ஐந்தாவது தலைமுறையிலிருந்து
மறுபடி தொடங்கினாள்.